வேறு அடையாளம் காணப்படவில்லை

பால்தான் இது. வேறொன்றும் இல்லை. சொல்லிவிடு பவுலின், வாயைத் திறந்து சொல்லிவிடு.

பவுலினுடைய மூன்று விரல்கள் எதிரே நின்ற பெண்ணின் வலது அக்குளில் இருந்தன. ரவிக்கையைத் தளர்த்தியதுமே வாசனை வந்துவிட்டது. உடம்புச் சூட்டில் வெந்து பழுப்பாகிப்போன மல்லிகையின் வாசனை. பழைய வேட்டியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, உள்ளே பூவைப் பரப்பியிருந்தார்கள். குழந்தை இறந்துபோன வீட்டில் தாய்க்குப் பால் வற்றுவதற்காகச் செய்வது. வடிய வழியில்லாமல் மார்பு கல்லாக இறுகியிருந்தது. அந்த இறுக்கம் அக்குள்வரை ஏறி அங்கே நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது. விரல் பட்டதும் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்தொன்பது வயதுதான் இருக்கும். மடிசார் கட்டியிருந்தாள். வேற்று ஜாதிக்காரி ஒருத்தி தன் உடம்பைத் தொடுகிற கூச்சத்தில் முகத்தைக் கூடாரத் துணியின் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

தெர்மாமீட்டர் நூற்றொன்றைக் காட்டியது. பால் கட்டினால் ஜுரம் வரும். அதுவும் பவுலினுக்குத் தெரியும்.

திரைக்கு அந்தப் பக்கம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதலைமுத்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அசிஸ்டன்ட். எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். கோலார் பக்கத்து வண்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பிளேக் சோதனை முடித்துத்தான் ஊருக்குள் விடுவது. ஆண்களை அவர் பிளாட்பாரத்திலேயே பார்த்துவிடுவார். வீட்டுப் பெண்களை ஆண்கள் தொடுவதா என்று ஜனங்கள் முறையிட்டதால், ரயிலடிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, பவுலினை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தொட்டுப் பார்த்து, நெறி கட்டியிருக்கிறதா இல்லையா என்று அவள் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொள்வார்.

“ஏம்மா, கட்டி இருக்கா, இல்லியா? இன்னும் முப்பது பேர் நிக்காங்க.”

இருக்கிறது, ஆனால் என்று தொடங்க நினைத்தாள். அந்த ஆனாலை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. உண்டு என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். அவள் கை அந்த அக்குளிலேயே இருந்தது.

“இருக்குங்க” என்றாள்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. முன்பே பழகிய ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தானே ரவிக்கையை முடிந்துகொண்டு வெளியே போனாள். துணைக்கு வந்திருந்த பெரியப்பா மதலைமுத்துவிடம் ஏதேதோ சொல்லி மன்றாடுவது கேட்டது. பத்து நாள் பிளேக் முகாமில் இருக்கட்டும், ஒன்றுமில்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று மதலைமுத்து சொல்வதும் கேட்டது. பெயர் கோமளம். புருஷன் பெயர் வைத்தீஸ்வரன், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. மூடுவண்டி புறப்படும் சத்தம் வந்தபோது பவுலின் கையைக் கார்பாலிக் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவள் உள்ளே வந்து நின்றாள்.

பிளேக் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அல்சூரில் பாதி வீடுகளின் ஓட்டைப் பிரித்து வெயில் விட்டிருந்தார்கள். அவள் தையலும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது. அவள் புருஷன் சில்வெஸ்டர் தையற்காரன். துணியில்தான் நோய் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கிளம்பிய பிறகு அவனிடம் அளவு கொடுக்க யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில்தான் மதலைமுத்து மாதா கோயில் வாசலில் அவளை நிறுத்தி இந்த வேலையைப் பற்றிச் சொன்னார். பூசையில் பாட்டுப் பாடுகிறவர், நல்ல குரல். எனக்கு வைத்தியம் என்ன தெரியும், ஊசி பிடித்த கை என்று அவள் பின்வாங்கினாள். ஊசி பிடித்த கைக்குத்தான் நுணுக்கம் தெரியும் என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் வேலைக்கு வந்தாள்.

இரண்டாவது வாரத்தில் அந்த வார்த்தையும் போயிற்று. வளையல்காரி ஒருத்தியைத் தொட்டுப் பார்த்து இல்லை என்று சொல்லி அனுப்பினாள். நான்காம் நாள் அந்த வளையல்காரி அல்சூரில் செத்துப்போனாள். அன்றைக்கே நெறி இருந்ததா, பிறகு வந்ததா, யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் அதன்பின் ஏழு பேர் போனார்கள். மதலைமுத்து அதிகமாகத் திட்டவில்லை. பேனாவைத் துடைத்துக்கொண்டே, “ஒன் கை ஊரையே கொன்னுரும்மா” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவள் விரல்கள் எதைத் தொட்டாலும் அதில் கட்டி இருந்தது. வீட்டில் அரிசி களையும்போது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது, செபமாலை உருட்டும்போதுகூட ஒவ்வொரு மணியையும் அழுத்திப் பார்த்தாள். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டே திரைக்குள் போய் நிற்பாள்.

கோமளம் வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில். பவுலினுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து இருபத்தேழு நாள் இருந்துவிட்டுப் போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஞானஸ்நானம் கொடுத்திருந்ததால் அது நேரே மோட்சத்துக்குப் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பாலுக்கு அது தெரியவில்லை. சுரந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் பூ வைத்துக் கட்டினார்கள். ஐந்து நாள் அந்த இறுக்கத்தோடும் ஜுரத்தோடும் கிடந்தாள். அக்குளில் இதே மாதிரிதான் திரண்டது. ஆகையால் அன்று கூடாரத்துக்குள் அவளுக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. தெரிந்துதான் இருந்தது. அப்படித் தெரிந்ததையே அவள் நம்பவில்லை. என் துக்கத்தைத்தான் இவள் உடம்பில் பார்க்கிறேன், கண் கலங்கினவள் பார்க்கிற பார்வைக்கு என்ன மதிப்பு, இன்னொரு தெருவை என் அழுகைக்குக் காவு கொடுப்பதா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. நிதானமான, புத்திசாலித்தனமான குரல். அதற்குத்தான் அவள் கீழ்ப்படிந்தாள்.

கோமளம் இறந்துபோன செய்தியை மதலைமுத்துதான் சொன்னார். ஆண்டவர் பாடுபட்ட பெரிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. “பாத்தியா, ஒன் கை சரியாத்தான் சொல்லிருக்கு. அந்த அய்யர் வீட்டுப் பொண்ணு, பிளேக்குதான்” என்றார். உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். பவுலினுக்கும் ஒரு நொடி மனம் லேசானது. பிறகு வாழ்நாள் முழுதும் அவள் வெட்கப்படப்போகும் நொடி அது. நெறி எப்போது தெரிந்தது என்று கேட்டாள். ஏழாம் நாள் தொடை இடுக்கில், ஒன்பதாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது என்றார். சொல்லும்போதே அவர் குரல் மெதுவாகிவிட்டது. பிளேக் உள்ளவளாக வண்டியிலிருந்து இறங்கியிருந்தால் ஏழு நாள் தாங்கியிருக்க மாட்டாள் என்பதும், நோயாளிகளுக்கு நடுவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்ததால்தான் நோய் வந்தது என்பதும் அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. தபசு காலமாகையால் அவர் மத்தியானம் சாப்பிடுவதில்லை. பதிவேட்டை மூடி வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

நாலு நாள் கழித்துக் கோமளத்தின் புருஷன் வைத்தீஸ்வரன் வந்தார். சவரம் செய்யாத முகம். கூடாரத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.

“கோமளத்தை நீதானேம்மா பார்த்தே?”

ஆமாம் என்று தலையசைத்தாள்.

“முகாம் வேலிக்கு அந்தண்டை நின்னுண்டு சொன்னா. அந்தப் பொம்மனாட்டிக்குத் தெரிஞ்சுது, ஏன் சொல்லலேன்னுதான் தெரியலேன்னு சொன்னா.”

அவர் பதிலுக்காக நிற்பவராகத் தெரியவில்லை. பிளேக் வேலையை நடத்தும் துரைக்கு மனு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். நோய் வீடென்று சாமான்களைக் கொளுத்தினார்கள், அதற்கு நஷ்டம் ஒன்றும் கேட்கவில்லையாம். அவள் நோயோடு வந்தாள் என்று பதிவேட்டில் இருக்கிற வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். குழந்தையைத் தின்றாள், பிறகு நோயைக் கொண்டுவந்தாள் என்று அவருடைய தாயாரே சொல்கிறாளாம். பந்துக்கள் யாரும் வாசற்படி மிதிக்கவில்லையாம். கொள்ளி வைத்த கையோடு தனியாக நின்றதை அவர் ஏதோ ஆபீஸ் விஷயம்போல வரிசையாகச் சொன்னார். கடைசியில், பிரசவமான பெண்களையாவது ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு அனுப்பும்படி செய்யலாம் இல்லையா என்று கேட்டார். அதையும் மனுவில் எழுதியிருக்கிறாராம். கும்பிட்டுவிட்டுப் போனார். யாரைப் பார்த்துக் கும்பிட்டார் என்று பவுலினுக்குத் தெரியவில்லை.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் பிரான்சு தேசத்தவர், புத்தகத் தமிழ் பேசுகிறவர். மகளே, நீ வேண்டுமென்று செய்யவில்லை, மேலானவர்களுக்குக் கீழ்ப்படிந்தாய், இதில் சாவான பாவம் இல்லை என்றார். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லும்படி விதித்தார். அவள் சொன்னாள். சமாதானம் வரவில்லை. பாஸ்கு அன்று எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்துபோனபோது அவள் தன் இடத்திலேயே முழங்காலில் இருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது மெய்தானா என்று தெரியாமல் நற்கருணைக்கு நாக்கை நீட்ட அவளால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதலைமுத்து ஒரு காகிதத்தை அவளிடம் கொடுத்தார். மனுவுக்குத் துரை விளக்கம் கேட்டிருக்கிறார். மதலைமுத்து இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தார். கோமளம், வயது பத்தொன்பது, வலது அக்குளில் நெறிகட்டி இருந்தது, ஜுரம் நூற்றொன்று. அதுவரை எல்லாம் உண்மை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. பிளேக்கைத் தவிர, இவை உண்டாவதற்கு வேறு அடையாளம் எதுவும் காணப்படவில்லை. அதன்கீழ் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும் என்றார். போடாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, வேலையோடு போகாமல் விசாரணையும் வரலாம். எனக்கு ஆறு பிள்ளைகள் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் சொல்லாமல் விட்டார்.

பிளேக் வேலைக்காரர்களுக்காக ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் போட்டுக்கொடுத்த தகரக் குடிசையில் அவர்கள் இருந்தார்கள். சாயந்தரம் சில்வெஸ்டர் வாசலில் உட்கார்ந்து தன் பழைய சட்டைக்கே காலர் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். தைக்க வேறு துணி இல்லை. காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தான்.

“இதுல இன்னா பேஜாரு? கட்டி இருந்துச்சு, சொன்னே. நீ இன்னா இங்கிலீஸ் டாக்டரா, எதுக்கு வந்துச்சுன்னு சொல்றதுக்கு?”

“பூ கட்டியிருந்தாங்க. நான் பார்த்தேன்.”

“பார்த்தே. நீ பார்த்தது யாருக்குத் தெரியும்?”

“அந்த அம்மாவுக்குத் தெரியும்.”

“அவ போய்ட்டா பவுலினு. நாம இருக்கோம். இந்தக் குடிசையும் போச்சுன்னா ஓடு பிரிச்ச வூட்ல போயி மழையில குந்திக்கலாமா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கு இந்த எட்டு மாதத்தில் தலை பாதி நரைத்துவிட்டது. பிறகு பவுலின், நம்ம பாப்பா போனபோது நான் ஜுரத்தில் கிடந்தேனே, அப்போது யாராவது வந்து என்னைப் பிளேக் என்று தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்று கேட்டாள். மூன்று வருஷமாக அந்தக் குழந்தையைப் பற்றி அவர்கள் வாய்விட்டுப் பேசியதில்லை. அவன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.

மறுநாள் பாஸ்குக்கு அடுத்த ஞாயிறு. வருஷா வருஷம் அன்று தோமையாரைப் பற்றிய சுவிசேஷம்தான். கோயிலில் ஜனம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நோய்க்குப் பயந்து ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் யார் யார் எந்த இடத்தில் முழங்காலிடுவார்கள் என்று பவுலினுக்குத் தெரியும். அந்த இடங்களில் தரைதான் இருந்தது. சாமியார் தன் புத்தகத் தமிழில், தோமையார் உயிர்த்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார், அவிசுவாசிகளாய் இராதேயுங்கள் என்று பிரசங்கம் பண்ணினார். பள்ளிக்கூடத்தில் அவளே பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தோமையார் தொட்டபிறகாவது நம்பினார், நான் தொட்டபிறகு சந்தேகப்பட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு சாமியார் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தாள். சாவை ஜெயித்து எழுந்தவருக்கு அந்தக் காயம் எதற்கு? ஆறியிருக்கக் கூடாதா? உடம்பெல்லாம் பிரகாசமாக வந்தவர் கையையும் விலாவையும் மட்டும் ஏன் அப்படியே திறந்து வைத்துக்கொண்டு வந்தார்? சீஷர்கள் அவரைக் கண்டுகொண்டது அந்தக் காயத்தால்தானே. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் காயத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவள் தன் காயத்தை இத்தனை நாளும் கண்ணில் விழுந்த தூசியாக நினைத்து, அது பார்வையை மறைக்கிறது என்று கசக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் திரைக்குள் அவளுக்கு வேறு எந்தப் படிப்பு இருந்தது? இருபத்தேழு நாள் குழந்தையும் ஐந்து நாள் ஜுரமும்தான் அவளுக்குக் கிடைத்த படிப்பு. சர்வேசுரன் அவளுக்கு வேறொன்றும் கற்பிக்கவில்லை. அவர் கற்பித்ததையே அவள் அன்று மறுத்துவிட்டாள்.

ஆறுதலாக இல்லை. ஆறுதல் என்றால் இன்னும் லேசாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இது கனமாக, குளிர்ச்சியாக உள்ளே இறங்கி ஓரிடத்தில் நின்றது. அன்றைக்கு நான் தெரிந்துதான் சொன்னேன் என்று அவள் முதல் தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, ஆண்டவரே, எனக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னாள். அது பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தில் இல்லாத வரி. அன்று அவள் எழுந்து போய் நற்கருணை வாங்கினாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மழை பெய்து விட்டிருந்தது. கூடாரத்துத் தரை சொதசொதவென்று இருந்தது. கோலார் வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மதலைமுத்து மேஜையில் காகிதத்தை விரித்து, பேனாவை மையில் தோய்த்து அவள் பக்கம் நீட்டினார். இரவு தூங்காத முகம். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி வரியை எடுத்துட்டீங்கன்னா போடறேங்க.”

“எடுத்துட்டா அந்தக் காகிதம் எதுக்கும்மா?”

“அது பால் கட்டு. பூ வெச்சுக் கட்டியிருந்தாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மதலைமுத்து பேனாவை நீட்டியபடியே அவளைப் பார்த்தார். அவருக்கு அது புதிய செய்தி இல்லை, அவள் வாயிலிருந்து வந்ததுதான் புதிது. “அன்னிக்குத் தெரிஞ்சா அன்னிக்குச் சொல்லியிருக்கணும்” என்றார். அதில் அவளைக் குற்றம் சொல்வதோடு தன்னையும் எங்கோ சேர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, துரை அவளையும் கேட்பார், தெரிந்தே அனுப்பினேன் என்று சொன்னால் கொலை செய்தவள்போல ஆகிவிடும் என்று விளக்கினார். அதையும் அவள் நேற்றே யோசித்திருந்தாள். கேட்டால் சொல்வேன் என்றாள்.

“நம்ம கோயில் ஜனம்னுதான் ஒன்னைக் கூட்டிட்டு வந்தேன் பவுலின். எனக்காகப் போடு.”

அவள் அவரைப் பார்த்தாள். பூசையில் அவர் பாடும்போது கழுத்து நரம்பு புடைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போதும் அது புடைத்திருந்தது. அவருடைய பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அவள் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பயம் போன வாரம் இருந்த அதே அளவில் இருந்தது. கையை வெளியே எடுக்கத்தான் அவளுக்கு வரவில்லை.

“என்னால ஆகாதுங்க” என்றாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. கதவுகள் திறக்கும் சத்தமும், சாமான் இறக்கும் சத்தமும், சேவகன் பெண்களை வரிசையில் நிற்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டுவதும் கேட்டன. மதலைமுத்து பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவளை வெளியே போகச் சொல்லவும் இல்லை. பவுலின் தலை குனிந்து நின்றாள். கூடாரத் துணி தரையைத் தொடாமல் ஒரு சாண் தூக்கியிருந்தது. அந்த இடைவெளியில் வந்து நின்ற பெண்களின் பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன. மெட்டி போட்டவை, வெடித்தவை, மஞ்சள் பூசியவை, சேறு அப்பியவை. நாலாவதாக நின்றவளின் பாதங்கள்மேல் ஒரு சின்னக் குழந்தை, ஈரத்தில் இறங்க மனமில்லாமல், தன் இரண்டு பாதத்தையும் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றது.